கம்ப்யூட்டர் பெட்டி வாங்கும் முன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். டேலி கணக்கு புரோகிராம், பில் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், ஜிஎஸ்டிக்கு டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி), வேலை இவ்வளவுதான். மதுரையில் ஒரு செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் பார்த்தேன். ஐ5-6500, 8 ஜிபி ரேம். "விண்டோஸ் 11 போட்டே தருகிறோம்" என்கிறார்கள். வாங்கலாமா? விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டால் காசு மிச்சமாகுமா?
– வணிகர், திருமங்கலம்

பதில்: லினக்ஸ் உங்களுக்கு வேண்டாம். டேலி விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. டோக்கனுக்கும் பில் பிரிண்டருக்கும் டிரைவர் சுலபமாகக் கிடைப்பதும் அதில்தான். ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாளில் டோக்கனோடு மல்லுக்கட்டினால், மிச்சம் பிடித்த காசுக்கு அர்த்தமில்லை.

அந்தப் பெட்டியும் வேண்டாம். ஐ5-க்கு அடுத்து வரும் எண்ணில் தலைமுறை இருக்கிறது. 6500 என்றால் ஆறாவது. விண்டோஸ் 11-க்கு, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல்லில் எட்டாவது தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். கடைக்காரர் போட்டுத் தருவது இந்தச் சோதனையை ஏமாற்றிப் போடுவது. இன்றைக்கு ஓடும். ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு மட்டும் தானாக ஏறாது. ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம். அதற்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். விண்டோஸ் 10-லேயே இருந்துகொள்ளலாம் என்றால், அதன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது.

ஐ5-8500 போட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ் 3060 போல, கம்பெனிகள் கழித்துவிட்ட பெட்டியாகத் தேடுங்கள். காசை நீட்டுவதற்கு முன் கடையிலேயே ஆன் செய்யச் சொல்லி, செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் பிராசஸர் எண்ணை நீங்களே படியுங்கள். டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ்) 'பிடிடி' அணைந்திருக்கலாம்; இன்டெல்லில் டிபிஎம் வேலையைச் செய்வது அதுதான். அதே செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் திறங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்றிருந்தால் சரி. 'ஆர்கனைசேஷன் ஆக்டிவேஷன் சர்வீஸ்' என்று வந்தால் அது பலசரக்குக் கடைக்குரிய லைசென்ஸே அல்ல. ஆறு மாதத்தில் பல்லிளிக்கலாம். எஸ்எஸ்டியை (ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் வரும் வேகமான டிஸ்க்), டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மஞ்சள் எச்சரிக்கை வந்தால் புதிது மாற்றித் தரக் கேளுங்கள்.

600 விஏ யூபிஎஸ் ஒன்று கட்டாயம். பில் போடும்போது கரண்ட் போனால் டேலி டேட்டா கெட வாய்ப்புண்டு. லேசர் பிரிண்டர் இருந்தால் அதை யூபிஎஸ்ஸில் சொருகாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கும் கரண்ட்டுக்கு யூபிஎஸ் தாங்காது.

கேள்வி: அக்கா ப்ளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் வீட்டில் கிடக்கிறது. ஆன் ஆகவே ஐந்து நிமிடம். நான் கல்லூரியில் பைத்தான் படிக்கிறேன். தூக்கிப் போடவா?
– மாணவி, உசிலம்பட்டி

பதில்: போடாதீர்கள். இழுப்பது பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதற்குப் பதில் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், 256 ஜிபி போதும். ரேம் 2 ஜிபிதான் என்றால் 4-க்கு ஏற்றுங்கள். பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டிக்கரில் டிடிஆர்3-க்குப் பின்னால் 'எல்' இருந்தால் அதே வகைதான் வாங்க வேண்டும். வெறும் டிடிஆர்3 போட்டால் திரை கறுப்பாகவே நிற்கலாம்.

பிறகு லினக்ஸ் மின்ட் போடுங்கள், அதில் பழைய கணினிக்கு ஏற்ற இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் பாருங்கள். வைஃபை சண்டித்தனம் செய்தால், போனை யூஎஸ்பியில் மாட்டி நெட் கொடுத்து 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் பல நேரம் வழிக்கு வரும். பைத்தான் அதிலேயே இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை வேண்டுமென்றால் ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு புரோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். மேக் வாங்கலாமா?
– டிடிபி தொழில் செய்பவர், மேலூர்

பதில்: வேண்டாம். பேஜ்மேக்கர் பழைய 32-பிட் புரோகிராம். 2019-க்குப் பிறகு வந்த மேக் எதிலும் 32-பிட் புரோகிராம் ஓடாது. ஆப்பிளின் சொந்த சிப் உள்ள எம் வரிசை மேக்கில், மேக்கிலேயே விண்டோஸ் போட உதவிய பூட் கேம்ப் வழியாக விண்டோஸும் போட முடியாது. விண்டோஸ் பெட்டியே வாங்குங்கள். பழைய கணினியின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்த பிறகே அதை ஃபார்மட் செய்யுங்கள். பாமினி மாதிரி பழைய (யூனிகோடு அல்லாத) தமிழ் ஃபாண்ட்டில் அடித்த ஃபைல், அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் மாப்பிள்ளை பெயரையே கிறுக்கலாகக் காட்டும்.