கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை, என்ன செய்வது? நடைப்பயிற்சி போகலாமா?

கேள்வியில் இருந்த விவரம் இது: ஆறாம் மாதம். ஹீமோகுளோபின் 9.2 கிராம். இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம். இரவில் குங்குமப்பூ போட்ட பால். ஒரு புள்ளிகூட ஏறவில்லை. வீட்டில் "ரத்தம் கம்மியா இருக்கு, அசையாதே" என்கிறார்கள். குழந்தைக்கு இதனால் ஏதும் ஆகுமா என்றும் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த 9.2ஐப் பார்ப்போம். கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7க்குக் கீழே கடுமையானது. ஆறு, ஏழாம் மாதங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி சிவப்பணுக்களைவிட வேகமாகக் கூடுவதால் எண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் 9.2 என்பது அந்த இயல்பான இறக்கம் மட்டுமல்ல. பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் கூடாது. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது.

அடுத்து பீட்ரூட். சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையை யார் தொடங்கி வைத்தார்களோ! 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மி.கி.கூட இல்லை. அந்தச் சிவப்பு வேறொரு நிறமி. ஒரு முழு மாதுளையும் ஐந்து பேரீச்சம்பழமும் கூடச் சேர்த்தாலும் மொத்தம் சில மி.கி.தான் வரும். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குத் தேவை 27 மி.கி. என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதோடு, பேரீச்சையும் மாதுளை ஜூஸும் வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சியும் தினசரி சேர்ந்தால் ரத்தம் ஏறுகிறதோ இல்லையோ, சர்க்கரை ஏறும். பிறகு அதற்குத் தனியாக வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும்.

இரும்பைப் பொறுத்தவரை என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எதோடு சாப்பிடுகிறோம், எப்போது சாப்பிடுகிறோம் என்பதுதான் முக்கியம். மாத்திரைக்கும் அதே கதைதான். "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று வருகிறவர்களிடம் எந்த நேரத்தில், எதைக் குடித்து விழுங்கினீர்கள் என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் அந்த இரவுப் பால்மீதுதான். பாலில் உள்ள கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது. காபி, டீயும் அப்படித்தான். அவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் "எல்லாம் சத்துதானே" என்று ஒரே வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் ஏராளம். நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் மாதிரி எதையாவது தினமும் எடுத்தால் வயிற்று அமிலம் குறைந்து, அதனாலும் இரும்பு சரியாகச் சேராது.

ஒரு நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ஆறரைக்குக் காபி வேண்டுமென்றால் குடியுங்கள். எட்டு மணிக்கு இட்லி, சாம்பார். சாப்பிட்டதும் ஒரு கால்சியம் மாத்திரை. பத்தரை மணிக்கு இரும்பு மாத்திரை, சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாறோடு, அல்லது பாதி கொய்யாப்பழத்தோடு. அதன்பின் ஒரு மணி நேரம் வேறெதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும். ஒரு மணிக்குச் சாப்பாடு. டீ நாலு மணிக்கு. இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு, இரண்டாவது கால்சியம் மாத்திரை, பால். பத்தரைக்கு வெறும் வயிறாக இருந்து குமட்டினால் இரண்டு வாய் சோறோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். உறிஞ்சுவது கொஞ்சம் குறையும்தான், ஆனால் மாத்திரையையே நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். படுக்கப்போகும்போதுதான் ஒத்துக்கொள்கிறது என்றால் அப்போது இரும்பைப் போட்டு, பாலைக் காலைக்கோ மாலைக்கோ மாற்றிவிடுங்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கடையில் வாங்குவதில் 'எலிமென்டல் அயன்', அதாவது மாத்திரையில் உண்மையிலேயே உள்ள இரும்பு, எவ்வளவு என்று போட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. அதற்கு முன்னால் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் இரும்பு கலந்த வேதிப்பொருளின் மொத்த எடையாக இருக்கலாம். டானிக் குடிக்கிறவர்களும் 5 மில்லிக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ரத்தசோகை வராமல் தடுக்க நாலாம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று, 180 நாள். வந்துவிட்டால் ஒரு நாளைக்கு இரண்டு. இது இந்திய அரசின் நடைமுறை. 9.2 உள்ள நீங்கள் இன்னும் ஒன்றுதான் போடுகிறீர்கள் என்றால் ஏறாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் அளவை நீங்களாகக் கூட்டாமல், கிராம சுகாதார செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அது மாத்திரையின் நிறம்தான், பயப்பட ஒன்றுமில்லை.

சரியாகச் சாப்பிட்டால் நாலு வாரத்தில் ஏறக்குறைய 1 கிராம் ஏற வேண்டும். அதாவது அடுத்த மாதம் 10.2ஐ ஒட்டி வர வேண்டும். நேரம், அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் இரும்பு மட்டும் பிரச்சினை இல்லை. குடலில் கொக்கிப்புழு இருக்கலாம். இரண்டாம் மும்மாதத்தில் அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே ஒரு தடவை தருவது இதற்காகத்தான். சுத்த சைவமாக இருந்து, பால், தயிரும் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவு இருக்கலாம். தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) மரபணு ஒன்று இருந்தாலும் இப்படித்தான் எண் அசையாது. அது உறுதியானால் கணவருக்கும் பரிசோதனை அவசியம், இருவருக்கும் இருந்தால்தான் குழந்தைக்குக் கடுமையான வடிவம் வர வாய்ப்பு உண்டு. ஆக, 'ஃபெரிட்டின்' (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), ரத்தப் படலப் பரிசோதனை (ரத்த அணுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பது), பி12 மூன்றையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை, அல்லது பிரசவ நாள் நெருங்கிவிட்டது என்றால் அயன் சுக்ரோஸ் போன்ற இரும்பு மருந்துகளை நரம்பு வழியாக ஏற்றுவார்கள். முதல் மூன்று மாதத்தில் மட்டும் அது கூடாது. 7க்குக் கீழே போனாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ வீட்டு வைத்தியம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, மருத்துவமனைதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது: சுவரொட்டி. ஆட்டு மண்ணீரல். சமைக்காத 100 கிராமில் இரும்பு 40 மி.கி.யை ஒட்டி இருக்கும். அதுவும் உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும் வகை. "ரத்தம் ஊற சுவரொட்டி வாங்கிக் கொடு" என்று சொன்ன பாட்டிகளை இந்த விஷயத்தில் நம்பலாம். வாரம் ஒன்றிரண்டு முறை, உள்ளே வரை நன்றாக வெந்திருக்க வேண்டும்; மேலே மட்டும் சுட்டு உள்ளே சிவப்பாக இருப்பது கர்ப்பிணிக்கு ஆகாது. ஈரலிலும் இரும்பு உண்டு, ஆனால் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்ப காலத்தில் சுவரொட்டிதான் என் தேர்வு. சோற்றோடு ஒரு துண்டு மீன் இருந்தால்கூட, அதே தட்டில் இருக்கும் கீரையின் இரும்பும் கூடுதலாக உள்ளே போகும்.

சைவத்தில் முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, கொள்ளு, எள், தட்டைப்பயறு. தானியத்திலும் பயறிலும் உள்ள இரும்பை ஃபைட்டேட் என்ற பொருள் கட்டி வைத்திருக்கிறது. ஊறவைத்தாலும் முளைகட்டினாலும் புளிக்கவைத்தாலும் அந்தக் கட்டு தளரும். கம்மங்கூழை முதல்நாள் இரவே கரைத்துப் புளிக்கவைக்கும் பழக்கத்தில் இந்த லாபம் இருக்கிறது. பயறை முளைகட்டிச் சுண்டல் செய்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்து, மாங்காய் கீறிப் போடுங்கள். எலுமிச்சையைக் கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கை நான்ஸ்டிக்கில் செய்யாமல் இரும்பு வாணலியில் செய்தால், புளிப்பு கொஞ்சம் இரும்பைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். செய்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கறுத்து, வாயில் வைக்க முடியாது. தயிரை ஒதுக்க வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 கிடைக்கும் ஒன்றிரண்டு வழிகளில் அதுவும் ஒன்று.

இனி "அசையாதே". 9.2க்கு முழு ஓய்வு தேவையில்லை. சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரம் 150 நிமிட மிதமான நடமாட்டம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்களுக்கு ரத்தம் குறைவு என்பதால் சீக்கிரம் மூச்சு வாங்கும், எனவே ஒரே மூச்சில் அரை மணி நேரம் வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் மொட்டைமாடியிலோ தெருவிலோ நடங்கள். வேகத்துக்கு எளிய அளவுகோல்: நடந்தபடி பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சே திணறினால் வேகம் அதிகம். சாப்பிட்டபின் நடப்பதில் இரட்டை லாபம். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கால் தசைகள் இழுத்துக்கொள்ளும். இரும்பு மாத்திரை தரும் மலச்சிக்கலும் தளரும்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனை செய்தாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. அதில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால நீரிழிவு. இதற்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை. இந்த முறையை இந்தியாவில் முன்னெடுத்தவர் சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா. ஆறாம் மாதமும் இதைப் பார்க்கும் காலம்தான்.

அடுப்படியில் மூன்று மணி நேரம் நிற்பது உடற்பயிற்சி ஆகாது. அதில் கால் வீங்குவதுதான் மிச்சம். நிற்கத்தான் வேண்டுமென்றால் சுவரைப் பிடித்துக் குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள். இடுப்புத்தளத் தசைக்கு (கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் தசை), சிறுநீரை அடக்குவதுபோல ஐந்து எண்ணும்வரை இறுக்கி விடுவது, பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. சிறுநீர் கழிக்கும்போதே இதைப் பழகக் கூடாது. மல்லாந்து நெடுநேரம் படுத்துச் செய்யும் பயிற்சிகள் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு வேண்டாம். நச்சுக்கொடி கீழே இறங்கியிருந்தால், கருப்பை வாயில் தையல் போட்டிருந்தால், ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தால் மருத்துவர் சொல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, மார்பு வலி, தலைசுற்றல், வலியோடு வயிறு இறுகுவது இவற்றில் எது வந்தாலும் நடையை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் பேசுங்கள்.

குழந்தைக்கு என்ன ஆகும்? தாயின் ரத்தசோகை கடுமையாகும்போது எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறக்கும் அபாயம் கூடுகிறது. குழந்தை தனக்கான இரும்பைச் சேமிப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். அதாவது உங்களுக்கு நேரம் இருக்கிறது. பிறந்ததும் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டினால் நச்சுக்கொடியில் இருக்கும் ரத்தமும் குழந்தைக்கு வந்து சேரும். பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லி வைக்கலாம். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பு ஆறு மாதம்வரை தாங்கும். நீங்களும் பிரசவத்துக்குப் பின் 180 நாள் மாத்திரையைத் தொடர வேண்டும். இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பத்தியம் என்று பூண்டுக்குழம்பும் கருவாடும் கொடுத்தால் நல்லதுதான். தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதுதான் தப்பு.

ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு. முதலில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, இரண்டு மூன்று மேசைக்கரண்டி. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடினால் அது உணவல்ல, தண்ணீர். சாயாமல் ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். பருப்பு, கீரை மசியல், நெய், முழுதாக வெந்த முட்டை எல்லாமே ஆறு மாதத்திலிருந்து கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய உணவாக்கினால் குழந்தைக்கு ரத்தசோகை வரும். குழந்தைக்கும் அசைவு வேண்டும்: விழித்திருக்கும்போது நாளெல்லாம் சேர்த்து அரை மணி நேரமாவது குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள். வாக்கர் வேண்டவே வேண்டாம்.

ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்பு சிரப் அங்கன்வாடி அல்லது செவிலியர் மூலம் கிடைக்கும். நாக்கின் பின்பக்கமாக, கன்னத்தை ஒட்டி விட்டால் பல் கறுக்காது. வீட்டில் ஏற்கெனவே ஒரு சின்னது ஓடியாடுகிறது என்றால், உங்கள் சிவப்பு மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியிலோ ஜன்னல் திண்டிலோ வைக்காதீர்கள். பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னக் குழந்தை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூட்டுள்ள அலமாரியில் வையுங்கள்.