கலப்புப் பயன்பாட்டு வளாகங்களில் பொது வாகன நிறுத்தம்: கேள்வி பதில்

கடை, அலுவலகம், உணவகம், திரையரங்கு, குடியிருப்பு எல்லாம் ஒரே வளாகத்தில் அமையும்போது வாகன நிறுத்துமிடத்தை அவை எவ்வாறு பகிர்ந்துகொள்ளலாம் என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், போக்குவரத்துத் திட்டமிடல் பொறியாளர் ஒருவர் அளித்த பதில்களும்.

கோவையிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர்: நான்கு பயன்பாடுகளுக்கும் தனித்தனியே கணக்கிட்டால் 600 கார்களுக்கு இடம் வேண்டும் என்று வருகிறது. பகிர்வு முறையில் இது எவ்வளவு குறையும்? கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

பரப்பளவை ஒதுக்கி வைத்துவிட்டு, மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் 600 என்பது அலுவலகத்துக்கு 200, கடைகளுக்கு 180, திரையரங்குக்கு 150, உணவகங்களுக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். இந்த நான்கும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. வேலை நாளில் காலை 11 மணிக்கு அலுவலகம் நிறைந்திருக்கும். கடைகளில் பாதியும், திரையரங்கில் ஐந்தில் ஒரு பங்கும், உணவகங்களில் 30 விழுக்காடும் இருந்தால் மொத்தம் 341 கார்கள். அதே நாள் இரவு 7.30 மணிக்கு அலுவலகம் 30 விழுக்காடாகக் குறைந்து, கடைகள் 80, திரையரங்கு 70, உணவகங்கள் 90 விழுக்காட்டை எட்டினால் 372. சனிக்கிழமை இரவு 7.30 மணிக்கு அலுவலகத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் இருக்க, மற்ற மூன்றும் நிறைந்தால் 420. ஆக, உங்கள் வளாகத்தின் அளவை முடிவு செய்யும் நேரம் சனிக்கிழமை இரவு.

ஆனால் 420 இடங்களை மட்டும் கட்டினால் போதாது. கடைசிச் சில இடங்களைத் தேடி வண்டிகள் தளத்துக்குத் தளம் சுற்றத் தொடங்கினால், கணக்குப்படி இடம் இருந்தும் நுழைவாயிலில் வரிசை நின்றுவிடும். ஆகவே பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கும்படி 467 இடங்களாக வையுங்கள். அப்படியும் 133 இடங்கள் மிச்சமாகின்றன. தில்லி பெருந்திட்டம் 2021 அடித்தளத்தில் ஒரு காருக்கு 32 சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறது. அந்த அளவை எடுத்துக்கொண்டால் 4,200 சதுர மீட்டருக்கு மேல் தோண்ட வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

நான் சொன்ன விழுக்காடுகள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் ஊரில் இதே தன்மையுள்ள வளாகங்களில் நேரில் எண்ணித்தான் அவற்றை நிரப்ப வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை ஒருவர் வரிசை வரிசையாக நடந்து, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் பதிவெண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொண்டால் போதும். எத்தனை வண்டிகள் நின்றன என்பதோடு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்பதும் அந்த ஒரே நோட்டிலிருந்து கிடைத்துவிடும். இந்த எண்ணிக்கைக்குச் செலவிடத் தயங்குபவர்கள் அடித்தளத்துக்குக் கோடிக்கணக்கில் செலவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதே வாசகர்: மேல்தளத்து ஊழியர்களே கீழே உள்ள உணவகத்தில் மதியம் சாப்பிடுகிறார்கள். அவர்களைக் கழிக்கலாமா?

கழிக்கலாம், கழிக்கவும் வேண்டும். அவர்களுடைய வண்டி அலுவலகக் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் உணவகத்தின் பக்கத்தில் மட்டும் கழியுங்கள். சிலர் அலுவலகத்தின் பக்கத்திலும் சேர்த்துக் கழித்து, இல்லாத சிக்கனத்தைக் காட்டுகிறார்கள்.

மதுரையிலிருந்து ஒரு திரையரங்க மேலாளர்: இருக்கைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் இடம் ஒதுக்கினார்கள். ஆனாலும் இரவுக் காட்சிக்கு முன்பு தினமும் வாயிலில் நெரிசல். ஏன்?

உங்கள் உச்ச நேரம் காட்சி நடக்கும்போது வருவதில்லை, காட்சி மாறும்போது வருகிறது. 6.30 மணிக் காட்சிக்கு வந்தவர்கள் படம் முடிந்து வண்டியை எடுப்பதற்குள், 10 மணிக் காட்சிக்கு வருபவர்கள் உள்ளே நுழையத் தொடங்குகிறார்கள். ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு இரண்டு கூட்டத்தின் வண்டிகளும் ஒரே இடத்தைக் கேட்கின்றன. இருக்கைகளை வைத்துப் போட்ட கணக்கில் இந்த அரை மணி நேரம் தென்படாது. ஒன்றுக்கு மேற்பட்ட திரைகள் இருந்தால் தொடக்க நேரங்களை இருபது நிமிட இடைவெளியில் தள்ளித் தள்ளி வையுங்கள். அந்த நேரத்தில் அலுவலகத் தளங்கள் காலியாக இருக்கும் என்பதால், அவற்றை இரவு 8 மணிக்குப் பிறகு திரையரங்குக்குத் திறந்துவிடும்படி வளாக நிர்வாகத்துடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து ஒரு குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர்: கீழ்த்தளங்களில் கடைகள் வருகின்றன. எங்கள் இடங்கள் பகலில் காலியாக இருப்பதால் வாடிக்கையாளர்களுக்குத் தரலாம் என்கிறார் கட்டுநர். ஒப்புக்கொள்ளலாமா?

குடும்பங்களுக்கு ஒதுக்கிய இடங்களைத் தர வேண்டாம் என்பதே என் கருத்து. மதியம் மூன்று மணிக்குக் காய்ச்சலோடு வீடு திரும்பும் ஒருவர் தன் இடத்தில் வேறொருவரின் கார் நிற்பதைக் கண்டால், அன்றோடு பகிர்வு முறையின் மீதிருந்த நம்பிக்கை போய்விடும். குடியிருப்போரின் வண்டிகளுக்குத் தனித் தளமும் தனித் தடுப்பும் இருக்கட்டும். விருந்தினர்களுக்கான இடங்களைக் கடைகளோடு தாராளமாகப் பகிர்ந்துகொள்ளலாம்.

சட்ட நிலையையும் அறிந்துகொள்ளுங்கள். மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், 2016 திறந்தவெளி நிறுத்துமிடங்களைப் பொதுப் பகுதிகளில் சேர்க்கிறது. அதற்கு முன்பே, 2010-இல், மும்பை வழக்கு ஒன்றில், தூண்தள நிறுத்துமிடத்தை, அதாவது கட்டடத்தின் அடியில் தூண்களுக்கு இடையே உள்ள நிறுத்துமிடத்தை, கட்டுநர் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பகுதியை யார், எந்த நேரத்தில் பயன்படுத்தலாம் என்பதில் உங்கள் சங்கத்துக்குக் குரல் உண்டு. ஆகவே பகிர்வு உடன்படிக்கையில் சங்கமும் கையெழுத்திடும் தரப்பாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள்.

ஒரு திட்டமிடல் மாணவி: இந்த முறை எங்கே தோன்றியது?

முறையான கணக்காக அமெரிக்காவில் உருப்பெற்றது. நிலப் பயன்பாடு குறித்து ஆராயும் அர்பன் லேண்ட் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு 1983-இல் இதற்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. 2005-இலும் 2020-இலும் அது திருத்தப்பட்டது. ஒவ்வொரு கட்டடமும் தன் உச்ச நாளுக்கென்று தனியே இடம் விட்டதால், பெரும் பரப்பில் தார்த்தளங்கள் ஆண்டின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடந்த சூழலில் பிறந்தது அது. வழிமுறையை அங்கிருந்து கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களுடைய விகிதங்களை இங்கே அப்படியே பயன்படுத்தாதீர்கள். நம் ஊர்களில் பேருந்திலும் இரு சக்கர வாகனத்திலும் நடந்தும் வருபவர்கள் மிகுதி.

திருச்சியிலிருந்து ஒரு கட்டுநர்: பகிர்வுக் கணக்கைக் காட்டினால் அனுமதியில் இடங்களைக் குறைத்துக்கொள்வார்களா?

அதை நம்பி வரைபடம் போடாதீர்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனி அளவை வகுத்துள்ளது. அதற்குக் குறையாமல் காட்டியாக வேண்டும். அப்படியானால் பகிர்வுக் கணக்கால் என்ன பயன் என்று கேட்கலாம். விதி கேட்பதற்கு மேல் கூடுதலாக ஒரு தளம் தோண்டலாமா என்ற முடிவு, எந்தத் தளத்தை யாருக்குத் திறப்பது என்ற முடிவு, மிஞ்சும் இடங்களை அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு மாத வாடகைக்கு விடும் முடிவு ஆகிய மூன்றுக்கும் அதுவே அடிப்படை.

அதே வாசகர்: பெரிய வாடகைதாரர்கள் தங்கள் பெயர்ப் பலகையுடன் இடம் கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் வர மாட்டார்கள் போலிருக்கிறது.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பகிர்வு முறை தோற்கும் இடங்களில் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். எழுதிக்கொடுத்த ஒவ்வோர் இடமும் பகிர்வுக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது. அதன் உரிமையாளர் வராத நாளிலும் அது பூட்டிய இடமே. முதலில் நான் சொன்ன எடுத்துக்காட்டில் அலுவலகத்துக்கு 200 இடங்களையும் எழுதிக்கொடுத்துவிட்டால், சனிக்கிழமை இரவு மற்றவர்களின் 400 வண்டிகளுக்கு 267 இடங்களே மிஞ்சும்.

ஆகவே குறிப்பிட்ட இடத்தைத் தராமல் உள்ளே வரும் உரிமையைத் தாருங்கள். "வேலை நாட்களில் காலை 8 முதல் இரவு 7 வரை, எந்த இடமானாலும் 200 கார்கள்" என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதுங்கள். தடுப்பில் அட்டையைப் படிக்கும் கருவி அந்த எண்ணிக்கையைக் காத்துக்கொள்ளும். மாற்றுத்திறனாளிகளுக்கான இடங்களை மட்டும் எக்காரணம் கொண்டும் இந்தப் பொதுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு கடை உரிமையாளர்: எங்களிடம் வருபவர்களில் பாதிப் பேர் இரு சக்கர வாகனத்தில் வருகிறார்கள். அவர்களுக்கும் இதே கணக்கா?

முறை ஒன்றுதான், எண்ணிக்கை தனி. ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கைந்து இரு சக்கர வாகனங்கள் நிற்கும். அவற்றுக்குத் தனி வழியும் சரிவு குறைந்த பாதையும் வேண்டும். உணவு எடுத்துச் செல்ல வரும் விநியோக ஊழியர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. அவர்களை அடித்தளத்துக்கு அனுப்பினால் போக மாட்டார்கள், சாலையோரத்திலேயே நிறுத்துவார்கள். வாயிலருகே அவர்களுக்கென நிழலுள்ள சில இடங்களை ஒதுக்குங்கள்.

அதே வாசகர்: தீபாவளி வாரத்துக்கு எவ்வளவு கூட்டிக் கட்டுவது?

அதற்காகக் கட்ட வேண்டாம். ஆண்டில் ஒரு வாரத்துக்காகக் கட்டிய தளம் மற்ற வாரங்களில் பராமரிப்புச் செலவாகவே நிற்கும். வழக்கமான நெரிசல் மிக்க சனிக்கிழமைக்குக் கட்டுங்கள். தீபாவளி வாரத்துக்கு, பக்கத்தில் விடுமுறையில் இருக்கும் பள்ளி அல்லது திருமண மண்டபத்தின் திடலை முன்கூட்டியே பேசி வாடகைக்கு எடுங்கள். அங்கிருந்து உங்கள் வாயில் வரை நடைபாதையில் விளக்குகள் எரிகின்றனவா என்று ஒரு மாதம் முன்பே மாலையில் நடந்து பாருங்கள்; ஊழியர்களின் வண்டிகளை அந்த வாரம் முழுவதும் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.