விலங்குகள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்பதை எப்படி முடிவு செய்கின்றன?

கண்ணில் பட்டவரை எல்லாம் பார்த்து அவை பழகுவதில்லை. ஆளைத் தேர்ந்தெடுக்கின்றன. அதற்காக உட்கார்ந்து யோசிக்கின்றன என்று அர்த்தமில்லை. யார் மேல் கவனம் போகிறதோ, அங்கேயே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது.

எனக்கு இதைப் புரியவைத்தவை தென்னாப்பிரிக்காவின் வெர்வெட் குரங்குகள். இரண்டு கதவுள்ள ஒரு பெட்டியில் உணவை வைத்தார்கள். சில கூட்டங்களில் தலைமைப் பெண் குரங்கும், வேறு சிலவற்றில் தலைமை ஆண் குரங்கும் ஒரு கதவை மட்டும் திறந்து காட்டின. பெண் காட்டிய கூட்டங்களில்தான் மற்றவை அந்த வழியை அதிகம் பின்பற்றின. பலசாலி ஆணைத்தான் பார்க்கும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் இந்த இனத்தில் ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடும்; பெண்கள் பிறந்த இடத்திலேயே வாழும். அப்படியென்றால் அந்த இடத்தை நன்றாக அறிந்தவர் யார்?

2013-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிட அழகு. நீலம், இளஞ்சிவப்பு என இரண்டு நிறச் சோளம். ஒரு கூட்டத்துக்கு ஒரு நிறத்தைக் கசப்பாக்கிப் பழக்கினார்கள். வேறு கூட்டத்துக்கு மற்ற நிறத்தை. பிறகு கசப்பை நீக்கியும் பழைய விருப்பம் மாறவில்லை. புதிதாகப் பிறந்த குட்டிகள் தாய் தின்ற நிறத்தையே தின்றன. வேறு கூட்டத்துக்குப் போன ஆண்களோ, தங்கள் பழக்கத்தை விட்டுவிட்டுப் பெரும்பாலும் அங்குள்ளவர்களின் நிறத்துக்கு மாறின. புது இடத்தில் அங்கேயே இருப்பவர்களுக்குத்தானே விஷயம் தெரியும்!

சிம்பன்சிகளிடம் வயதும் அந்தஸ்தும் எடுபடுகின்றன. இரண்டு பெண் சிம்பன்சிகள் ஒரே வேலைக்கு வெவ்வேறு முறையைக் காட்டியபோது, மூத்த, உயர்நிலைப் பெண்ணின் முறையே அதிகம் பரவியது.

அப்புறம், எப்போது பிறரைப் பார்த்துக் கற்பது என்ற கேள்வியும் இருக்கிறது. முதுகில் முட்கள் உள்ள சிறு மீன்களான ஸ்டிக்கில்பேக்குகளில் ஒன்பது முள் இனம், மற்ற மீன்கள் இரை தேடுவதைப் பார்த்தே எங்கே இரை அதிகம் என்று அறிந்துகொள்கிறது. மூன்று முள் இனத்துக்கு அது வரவில்லை. அதன் முட்கள் பெரியவை, உடலில் கவசத் தகடுகளும் உண்டு. தானே போய்த் தேடினாலும் ஆபத்து குறைவு. பாதுகாப்புக் குறைந்த மீன், மறைவில் இருந்து பார்ப்பது நல்லது.

எலிகள் மட்டும் ஆள் பார்ப்பதில் அவ்வளவு கறார் இல்லை. இன்னொரு எலியின் மூச்சில் வீசும் உணவு வாசனையை முகர்ந்து அதே உணவை நாடும். அந்த எலி நோயுற்றுக் கிடந்தாலும் அப்படித்தான். ஏன் இந்த அசட்டை? விஷத்தைத் தின்ற எலி பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. உயிரோடு வளைக்கு வந்த மூச்சே போதுமான சாட்சி என்று நான் நினைக்கிறேன்.