கோர்களுக்குள் கேச் சண்டை: கேள்வி பதில்

கல்லூரி மாணவர்: அண்ணா, ப்ராசஸரில் ஒவ்வொரு கோருக்கும் தனி எல்1 கேச் (கோரின் பக்கத்திலேயே உள்ள சின்ன, வேகமான நினைவகம்) இருக்கிறதே, ஒன்று மாற்றிய மதிப்பு மற்றதற்கு எப்படித் தெரியும்?

புது மதிப்பை யாருக்கும் அனுப்புவதில்லை தம்பி. எழுத நினைக்கும் கோர், மற்ற கோர்களிடம் இருக்கும் நகல்களை முதலில் செல்லாததாக்கிவிடும். பிறகு அவற்றில் ஒன்று படிக்க வந்தால் கேச் மிஸ் ஆகும், அதாவது தன் கேச்சில் அது கிடைக்காது. எழுதிய கோரிடமிருந்து புது மதிப்பு வரும். மெசி (MESI) என்ற விதிமுறை இதுதான். ஒவ்வொரு கேச் லைனும் (கேச் மொத்தமாகக் கையாளும் டேட்டாத் துண்டு) மாற்றப்பட்டது, தனியுரிமை, பகிர்வு, செல்லாதது என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யோசனை. இதோடு ஏஎம்டி ஒரு நிலையையும் இன்டெல் வேறொரு நிலையையும் சேர்த்துக்கொண்டன.

அதே மாணவர்: தனியுரிமை நிலை எதற்கு?

வேறு யாரிடமும் நகல் இல்லை என்று தெரிந்தால், யாரையும் கேட்காமலே எழுதிவிடலாம். பெரும்பாலான டேட்டாவை ஒரே த்ரெட்தான் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) தொடும், அதனால் நல்ல லாபம்.

சி++ புரோகிராமர்: எட்டு த்ரெட், ஒரே அரேயில் ஆளுக்கொரு கவுண்டர். லாக்கே இல்லை. ஆனாலும் ஒற்றை த்ரெட்டைவிட மெதுவாக ஓடுகிறது சார்!

இதற்குப் பெயர் ஃபால்ஸ் ஷேரிங்: வேறு வேறு வேரியபிள்கள் ஒரே லைனில் மாட்டிக்கொள்வது. எக்ஸ்86இல் (இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள்) கேச் லைன் 64 பைட். 8 பைட் கவுண்டர்கள் எட்டும் ஒரே லைனில் அடங்கிவிடும். ஹார்டுவேருக்கு வேரியபிள் தெரியாது, லைன்தான் தெரியும். ஒவ்வொரு த்ரெட் எழுதும்போதும் அந்த லைனை மற்றதிடமிருந்து பிடுங்குகிறது. எல்1இல் நாலைந்து சைக்கிளில் முடியவேண்டிய வேலைக்குப் பல பத்து சைக்கிள் போய்விடும், இரண்டு சாக்கெட் (தனித்தனி ப்ராசஸர் சிப்) உள்ள மெஷினில் இன்னும் மோசம். புரோகிராம் கோடைப் பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது, அதுதான் கொடுமை. லினக்ஸில் பெர்ஃப் சி2சி என்ற கருவியை ஓட்டிப் பாருங்கள், எந்த லைன் அடிபடுகிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு கவுண்டரும் தனி லைனில் விழும்படி 64 பைட் எல்லையில் அலைன் செய்யலாம். ஆப்பிள் எம்1இல் லைன் 128 பைட் என்பதால் அங்கே அது போதாது. என்னைக் கேட்டால், லோக்கல் வேரியபிளில் எண்ணிவிட்டுக் கடைசியில் ஒரே முறை எழுதுங்கள். இடைவெளி விடும் (பேடிங்) தொல்லையே இல்லை.

இன்னொருவர்: ஹார்டுவேரே பார்த்துக்கொள்கிறது என்றால் அட்டாமிக் (நடுவில் யாரும் புக முடியாத செயல்) எதற்கு?

கேச்சுகளை ஒத்துப்போக வைக்கும் இந்த ஏற்பாடு, அதாவது கேச் ஒத்திசைவு, ஒரு முகவரிக்கு மட்டும்தான் உத்தரவாதம். கம்பைலர் மதிப்பை ரெஜிஸ்டரிலேயே வைத்துக்கொண்டால் கேச்சுக்கு அது தெரியவே தெரியாது. கோர் எழுதியதும் கேச்சுக்குப் போகும் முன் ஸ்டோர் பஃபர் என்ற வரிசையில் காத்திருக்கும். அதற்குள் வேறு முகவரியைப் படித்துவிடலாம். எக்ஸ்86இலும் இது நடக்கும். கவுண்டரைக் கூட்டுவதோ படி, கூட்டு, எழுது என்று மூன்று வேலை, நடுவில் இன்னொரு த்ரெட் புகுந்துவிடலாம். சி++இல் வாலடைல் போட்டாலும் இது சரியாகாது. அட்டாமிக்கே போடுங்கள்.

சர்வர் நிர்வாகி: நூறு கோர் இருந்தால் எல்லோரிடமும் கேட்பார்களா?

கேட்டால் வழியெல்லாம் நெரிசல்தான். அதனால் எந்த லைன் யாரிடம் இருக்கிறது என்று ஒரு டைரக்டரி வைத்து, அவர்களிடம் மட்டும் பேசுவார்கள்.

எம்பெடட் எஞ்சினியர்: என் ஆர்ம் போர்டில் டிஎம்ஏ (ப்ராசஸரை விட்டுச் சாதனமே நேராக நினைவகத்தில் எழுதுவது) முடிந்தபின்னும் பழைய டேட்டாதான் வருகிறது.

பல ஆர்ம் போர்டுகளில் டிஎம்ஏ இந்தக் கேச் ஒத்திசைவு ஏற்பாட்டுக்கு வெளியே இருக்கும். பஃபரைப் படிக்கும் முன் டிரைவரே அந்தப் பகுதியின் கேச்சைச் செல்லாததாக்கவேண்டும். லினக்ஸ் என்றால் டிஎம்ஏ சிங்க் ஃபங்ஷன்களை அழைக்காமல் விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.