அக்காவ கேளுங்க: மோர் மிளகாய போட்டா ஐஸ்கிரீம் உறையுமா?

போன இதழ்ல வெயில் பத்தி எழுதும்போது ஓரமா ஒரு வரி போட்டுட்டேன், எங்க வீட்டுல மோர் மிளகாய் போட்டு ஐஸ்கிரீம் பண்ணோம்னு. அவ்ளோதான், திட்டுறவங்க பாதி, அளவு கேக்குறவங்க பாதின்னு ஒரே கேள்வி. அதனால இந்த வாட்டி ரசப்பொடி, ஊறுகா கேள்வி எல்லாத்தையும் தள்ளி வெச்சிட்டு மொத்த பக்கமும் இதுக்கேதான்.

கேள்வி: நெஜமாவே மோர் மிளகாயா அக்கா? அது தயிர் சோத்துக்கு தொட்டுக்கறதுதானே? மெஷின் கிஷின் இல்லாம எப்படி பண்றதுன்னு அளவோட சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு இப்பவே சிரிச்சிட்டு இருக்காரு. (வாசகி, தண்டையார்பேட்டை)

சிரிக்கட்டும்மா, ஒரு ஸ்பூன் வாயில போனதும் நிறுத்திடுவாரு. தயிர் சோத்துக்கு தொட்டுக்கறதுன்னு நீங்களே சொல்லிட்டீங்கல்ல, பதிலும் அதுலயேதான் இருக்கு. ஜில்லுனு, கொழுப்பா, பால் சம்பந்தப்பட்ட ஒண்ணு, அதுக்கு பக்கத்துல உப்பும் காரமும் லேசா புளிப்புமா கருக்குன்னு ஒண்ணு. காலங்காலமா நம்ம நாக்குக்கு பழகின ஜோடி இது, சோத்த எடுத்துட்டு சக்கரைய போட்டிருக்கேன், வேற ஒண்ணும் பண்ணல.

ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 1 லிட்டர் எடுத்துக்கோங்க, அதுதான் 6 சதவீதம் கொழுப்பு, நீல பாக்கெட்ல 3தான், அதுல பண்ணா பால் ஐஸ் மாதிரி நறநறன்னு ஆயிடும். அடி கனமான பாத்திரத்துல சிம்ல வெச்சு 600 மில்லி ஆகுற வரைக்கும் சுண்ட காய்ச்சுங்க, ஏடு கட்ட கட்ட கிளறி விட்டுட்டே இருக்கணும், போன பாத்துட்டு நின்னீங்கன்னா அடி பிடிச்சிடும், அந்த தீஞ்ச வாசனை ஐஸ்கிரீம்ல அப்படியே உக்காந்துக்கும், எதப் போட்டாலும் மறையாது. அப்புறம் சக்கரை 130 கிராம், ஆறின பால்ல கரைச்ச கார்ன்ஃபிளார் ஒரு டேபிள்ஸ்பூன், ரெண்டு கொதி, எறக்கிடுங்க. நல்லா ஆறின பிறகு ஃப்ரெஷ் கிரீம் 200 மில்லி. கடையில ஐஸ்கிரீம்னு பேர் போட்டு விக்கணும்னா பால் கொழுப்பு 10 சதவீதமாவது இருக்கணும்னு நம்ம நாட்டு சட்டமே இருக்கு, இந்த அளவுல நம்ம வீட்டு கலவை அத தாண்டிடுது. பல கப்புல சின்ன எழுத்துல ஃப்ரோசன் டெசர்ட்னு போட்டிருக்கும் பாருங்க, அது தாவர எண்ணெயில பண்றது. சக்கரை கொஞ்சம் தூக்கலா தெரியணும், ஜில்லுன்னு ஆனதும் இனிப்பு அடங்கிடும்.

இப்ப நம்ம ஆளு. மோர் மிளகாய் 4 போதும். எண்ணெய் அளவா காஞ்சதும் போட்டு, வெளுத்த பச்சையில இருந்து காப்பிக்கொட்டை நிறம் வர்ற வரைக்கும் வறுங்க, கருப்பாயிட்டா கசந்துடும். எங்க பழைய வண்ணாரப்பேட்டை சந்துல நான் வறுத்தா மூணாவது வீட்டுல இருமுவாங்க, அதனால ஜன்னல தொறந்து வெச்சுக்கோங்க. வறுத்தத காம்ப கிள்ளிட்டு, காரம் ஆகாதவங்க விதைய உதறிட்டு, கையாலயே நொறுக்குங்க. மிக்ஸியில பொடி பண்ணாதீங்க, நொறுங்குன துண்டு வாயில மாட்டறதுலதான் ருசியே. நொறுக்குனதுல அரை ஸ்பூன் நெய்ய உருக்கி ஊத்தி பிசறி வைங்க, நெய் மேல படிஞ்சிருந்தா சீக்கிரம் நமுத்துப் போகாது.

கலவைய அகலமான எவர்சில்வர் டப்பால ஊத்தி ஃப்ரீசர்ல வைங்க. முக்கா மணி நேரத்துக்கு ஒரு வாட்டி எடுத்து ஓரத்துல கட்டினத எல்லாம் வழிச்சு நல்லா அடிச்சு திரும்ப வைங்க, மூணு நாலு வாட்டி. அடிக்க அடிக்க ஐஸ் துகள் சின்னதாகி காத்தும் உள்ள போகும். கடைசி வாட்டி மட்டும் மிளகாய கையால கலந்து மூடிடுங்க. சூடான பால்ல மட்டும் தப்பித்தவறி போட்டுடாதீங்க, அது தயிர்லயும் உப்புலயும் ஊறி காஞ்சது, பால் திரிஞ்சிடும். முதல் தடவ நான் அதத்தான் பண்ணேன், அன்னைக்கு ராத்திரி வீட்டுல எல்லாருக்கும் காரமான பன்னீர்தான் கெடச்சுது.

கேள்வி: நானும் பண்ணேன் அக்கா. 10 மிளகாய் போட்டு, அப்பவும் உப்பு பத்தலன்னு தோணுச்சு, தூள் உப்பு 2 ஸ்பூன் போட்டேன். ரெண்டு நாளா ஃப்ரீசர்ல இருக்கு, இன்னும் பாயசமாதான் இருக்கு. ஃப்ரிட்ஜ்ல கேஸ் போயிடுச்சா? (வாசகி, திருவொற்றியூர்)

மெக்கானிக்க கூப்புடாதீங்கம்மா, ஃப்ரிட்ஜ் மேல தப்பே இல்ல, எல்லாம் அந்த ரெண்டு ஸ்பூன் பண்ண வேலை. தண்ணியில எது கரைஞ்சாலும் அது உறையுற டிகிரி கீழ எறங்கும். சக்கரையும் அதத்தான் பண்ணுது, அதனாலதான் ஐஸ்கிரீம் கல்லா ஆகாம ஸ்பூன் எறங்குது. ஆனா உப்பு துகள் ரொம்ப சின்னது, அதுவும் கரைஞ்சா ரெண்டா பிரிஞ்சிடும், அதனால அதே எடைக்கு சக்கரையவிட சுமார் 12 மடங்கு வேலை பண்ணும். நீங்க போட்ட ரெண்டு டீஸ்பூன் 12 கிராம்னு வெச்சாலே 140 கிராம் சக்கரைய கூடுதலா கொட்டின கணக்கு, மிளகாயில ஊறியிருக்குற உப்பு தனி. அப்புறம் எங்கேர்ந்து உறையும்?

கீழ ஊத்த வேணாம். உப்பே போடாம இன்னொரு கலவை பண்ணி ரெண்டையும் ஒண்ணா சேத்து திரும்ப வைங்க, கட்டிடும். உப்பு பத்தலன்னு தோணுச்சுன்னா உறைஞ்ச பிறகு மேல ஒரு சிட்டிகை தூவிக்கோங்க, நாக்குல முதல்ல படுறது அதுதான், கம்மியா போட்டாலும் நல்லா தெரியும்.

கேள்வி: இன்னாக்கா, எங்க வூட்ல ஃப்ரிட்ஜே இல்ல, ஆனா மீன் எறக்குற வார்ஃப்ல ஐஸ் பாருக்கு (பெரிய ஐஸ் கட்டி) பஞ்சமே இல்ல. அதுல பண்ண முடியுமா? (வாசகர், காசிமேடு)

முடியும் தம்பி, ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் அப்படித்தான பண்ணாங்க. போன கேள்வியில உள்ள போய் கெடுத்த அதே உப்பு, டப்பாவுக்கு வெளிய இருந்தா உங்களுக்கு வேலைக்காரன். பக்கெட்ல நொறுக்குன ஐஸ் 3 கிலோவுக்கு கல் உப்பு 1 கிலோன்னு மாத்தி மாத்தி அடுக்குங்க. உப்பு பட்டதும் ஐஸ் உருகும், உருகுறதுக்கு வேண்டிய சூட்ட சுத்தி இருக்குறதுல இருந்து இழுக்கும், அப்படி இழுத்து இழுத்து மைனஸ் 21 டிகிரி வரைக்கும் போக முடியும்னு கணக்கு. பக்கெட்ல அவ்ளோ வராது, ஆனா ஐஸ்கிரீமுக்கு வேண்டியது வந்துடும். மூடி டைட்டா இருக்குற சின்ன தூக்குல அரை லிட்டர் கலவைய ஊத்தி நடுவுல பொதைச்சு, கைப்பிடிய புடிச்சு இப்படியும் அப்படியும் சுத்திட்டே இருங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி மூடிய துடைச்சிட்டு தொறந்து ஓரத்த வழிச்சு விடுங்க. அரை மணி நேரத்துக்கு மேல ஆகும், கை வலிக்கும், வீட்டுல இருக்குற பசங்கள மாத்தி மாத்தி உக்கார வைங்க. அந்த உப்புத் தண்ணியில வெறுங்கைய விடாதீங்க, சுட்ட மாதிரி எரியும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா. மீனுக்கு போடுற ஐஸ் பார் பக்கெட்டோட நிக்கணும், ஒரு சொட்டு கூட தூக்குக்குள்ள போகக்கூடாது, அது சாப்பிடறதுக்கு பண்ண ஐஸ் இல்ல.

ராத்திரி மணியடிச்சிட்டு வருவாரே குல்ஃபிக்காரரு, அந்த செவப்பு துணி சுத்துன பானைய தொறக்கும்போது எட்டிப் பாருங்க, உள்ள இருக்குறதும் இதே ஐஸும் உப்பும்தான். கையால சுத்துற ஐஸ்கிரீம் மெஷினுக்கு நான்சி ஜான்சன்னு ஒரு அமெரிக்க அம்மா 1843-லயே பேட்டன்ட் வாங்கினாங்க, அதுலயும் இந்த கணக்குதான். அந்த காலத்துல மெட்ராஸ்ல ஐஸே கெடையாது, அமெரிக்கால குளத்துல வெட்டி கப்பல்ல வந்துச்சு, அத பத்திரமா வெக்க 1842-ல கட்டினதுதான் மெரினா ஐஸ் ஹவுஸ், இப்ப விவேகானந்தர் இல்லம். அவ்ளோ தூரத்துல இருந்து வந்தத இன்னைக்கு நீங்க வார்ஃப்ல மிதிச்சிட்டு போறீங்க.

கேள்வி: அப்ப கருவாடு போடலாமா? (வாசகர், ராயபுரம்)

வேணாம் சாமி. ஒரு வாட்டி ஃப்ரீசர்ல வாசனை ஏறுச்சுன்னா ஐஸ் டிரே முதக்கொண்டு நாறும், அப்புறம் வீட்டுல உங்க பேரும் நாறிடும்.

கேள்வி: இதெல்லாம் இப்ப புதுசா பண்ற ஃபேஷன், நாக்குல வேற ஊசி குத்துற மாதிரி காரம் லேட்டா வருது, உடம்புக்கு ஆகுமான்னு எங்க மாமனார் கேக்கறாரு. (வாசகி, பெரம்பூர்)

புதுசுன்னு சொல்ல முடியாதுன்னு மாமாகிட்ட சொல்லுங்க. லண்டன்ல 1789-ல ஃபிரெட்ரிக் நட்னு ஒருத்தர் போட்ட சமையல் புஸ்தகத்துலயே பார்மசான் சீஸ் ஐஸ்கிரீம் இருக்கு. கலிஃபோர்னியால கில்ராய்னு பூண்டுக்கு பேர் போன ஊரு, அங்க பூண்டு திருவிழால பூண்டு ஐஸ்கிரீமே குடுப்பாங்க. நம்ம மிளகாய் இதுக்கெல்லாம் எவ்ளோவோ தேவல.

காரம் லேட்டா வர்றத மாமா கரெக்டா புடிச்சிட்டாரு. மிளகாயில இருக்குற கேப்சைசின், நாக்குல சூட்ட உணர்ற நரம்ப போய் தட்டும், அதனாலதான் காரத்த எரியுதுன்னு சொல்றோம். இது எப்படின்னு கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல மருத்துவ நோபல்ல பங்கு குடுத்தாங்க. ஐஸ்கிரீம் அந்த நரம்ப முதல்ல ஜில்லுன்னு அமத்தி வெச்சிடும், கேப்சைசின் வேற தண்ணியில கரையாது, கொழுப்புலதான் கரையும், அதனால அந்த கொழுப்புக்குள்ள பதுங்கிட்டு வந்து நீங்க முழுங்கின பிறகு தொண்டையில சுர்ருங்கும். உடனே இன்னொரு ஸ்பூன் வெச்சா அடங்கிடும், அப்புறம் திரும்ப சுர்ருங்கும், இப்படியே டப்பா காலி. அல்சர், நெஞ்செரிச்சல் இருக்குறவரா இருந்தா மட்டும் மாமாவுக்கு மிளகாய் இல்லாத பாகத்த எடுத்து வெச்சிடுங்க.

கேள்வி: எங்க பாப்பாவுக்கு 5 வயசு, காரம் சுத்தமா ஆகாது, ஆனா இதே மாதிரி வித்தியாசமா ஏதாவது வேணும்னு அடம் புடிக்கறா. (வாசகி, வியாசர்பாடி)

உங்க ஏரியால இல்லாததா? பர்மா நூடுல்ஸ் அத்தோ மேல வறுத்த பூண்டு தூவுவாங்களே, அத நெனச்சுதான் நான் ஒரு வாட்டி பொன்னிறமா வறுத்து கொஞ்சூண்டு தூவி பாத்தேன், பெரியவங்களுக்கு ஓகே, குழந்தைங்க மூஞ்ச சுளிச்சுதுங்க. பாப்பாவுக்கு நல்லெண்ணெய் குடுத்து பாருங்க. மேல சொன்ன கலவையில மிளகாய விட்டுட்டு, சக்கரையில பாதிய கொறைச்சு அந்த அளவுக்கு வெல்லம், அதையும் பால் ஆறின பிறகுதான் போடணும், இல்லன்னா இதுவும் திரிஞ்சிடும். உறைஞ்சதும் கிண்ணத்துல போட்டு, மேல செக்குல ஆட்டின நல்லெண்ணெய் ஒரு டீஸ்பூன், வறுத்த எள்ளு கொஞ்சம், விரல் நுனியில ஒட்டுற அளவு உப்பு. எண்ணெய் ஜில்லுல பட்டதும் கெட்டியாகி ஐஸ்கிரீம் மேல தேன் மாதிரி நிக்கும். வாயில வெச்சா எள்ளுருண்டை மாதிரியே இருக்கும். என்ன ஊத்துறீங்கன்னு மட்டும் முதல்லயே சொல்லிடாதீங்க, சனிக்கிழம தலையில தேய்க்கறதுன்னு ஞாபகம் வந்தா ஓடிடுவா.