எல்லாம் தேவ சித்தம் என்றால் மனிதன் மேல் எதற்குப் பழி?

எல்லாவற்றையும் கர்த்தர் முன்குறித்துவிட்டார் என்றால் நம் செயலுக்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் களியக்காவிளைப் பக்கம். எங்கள் ரோட்டில் சி.எஸ்.ஐ. சபை, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே ஜெபவீடு எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இந்த வாக்குவாதத்துக்குக் குறைவே இல்லை. இரட்சணிய சேனை, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியின் மரபில் வந்தது. கிருபையை மனிதன் தள்ளிவிட முடியும் என்பார்கள். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் மரபினரோ, தேவன் தெரிந்தெடுத்தவர் விசுவாசத்துக்கு வந்தே தீருவார் என்பார்கள். இதை வரையறுத்தது 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் என்ற சபைத் தலைவர்கள் கூட்டம். ஆனால் அவிசுவாசத்தின் குற்றம் மனிதன் மேல்தான் என்று அந்தச் சங்கமே எழுதிவைத்திருக்கிறது. அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எனக்குப் பிடிபட்டது வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில்தான். பவுல் அப்போஸ்தலனைக் கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகிற கப்பலில் 276 பேர். ஒரு உயிரும் போகாது என்று தேவதூதன் சொன்னதைப் புயலுக்கு நடுவே பவுல் அறிவிக்கிறார். அப்புறம் ஒரு ராத்திரி, நங்கூரம் போடப்போவதாகப் பாவலா காட்டி, கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். அதே பவுல், கைதிகளைக் கொண்டுபோகிற ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியிடம், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்கிறார். சேவகர்கள் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். வாக்கு கிடைத்துவிட்டதே என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கோதுமையைக் கடலில் கொட்டினார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் குதித்தார்கள், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக் கரைசேர்ந்தார்கள். முடிவைக் குறித்தவர் அந்தக் கயிறு அறுபடுவதையும் சேர்த்தேதான் குறித்திருக்கிறார் என்று நான் வாசிக்கிறேன்.

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது எங்கள் குமரிக் கடலோரத் தூத்தூர், வள்ளவிளை மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று பிள்ளையை இழந்த தாய் சொன்னால் அது விசுவாசம். எச்சரிக்கை ஏன் நேரத்துக்குக் கடலுக்குள் போய்ச் சேரவில்லை என்று கேட்கிறவளிடம் இன்னொருவர் அதையே சொன்னால், அது வாயை அடைக்கிற வேலை. தேவ சித்தம் என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகிறது.

சீஷர்கள் மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில், எருசலேமில் கூடிய ஜனங்களிடம் இயேசுவின் சீஷன் பேதுரு அப்படிப் பேசவில்லை. இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டது தேவனுடைய தீர்மானப்படி என்கிறார். அதே மூச்சில், அவரைக் கொலைசெய்தது நீங்கள் என்கிறார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அவர் விளக்கவும் இல்லை. கேட்டவர்களும் தேவன் நிர்ணயித்ததுதானே என்று நழுவவில்லை. சரி, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்றுதான் கேட்டார்கள்.