கேள்வி-பதில்: சிராய்ப்பு மஞ்சளாகாது

கேள்வி: ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்து வருகிறேன். கதாநாயகி தன் மேல்கையில் இருக்கும் 'ப்ரூஸ்' (bruise) வெளியே தெரியாமலிருக்க முழுக்கைச் சட்டை போடுகிறாள். 'சிராய்ப்பு' என்று எழுதினேன். நண்பர் தவறு என்கிறார். இவ்வளவு சாதாரண விஷயத்துக்குத் தமிழில் ஒரு சொல்கூடவா இல்லை? (சில பக்கங்களை இணைத்திருக்கிறேன்.)
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இருக்கிறது. ஒன்றுக்கு நாலாக இருக்கிறது. உங்களுக்கு அதுதான் தொல்லை.

நண்பர் சொன்னது சரி. சைக்கிளிலிருந்து விழுந்த பையனின் முழங்கையில் தோல் உரிந்து எரிகிறதே, அது சிராய்ப்பு. ப்ரூஸ் (புரூஸ் லீ அல்ல, அவர் கொடுக்கிறவர்) வேறு. தோல் கிழியாது. அடியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து, கசிந்த ரத்தம் அங்கேயே தேங்கும். 'ரத்தம் கட்டியிருக்கு' என்று சொல்லி, புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சி வீட்டில் பற்றுப் போடுகிறார்களே, அதேதான். எழுத்தில் ரத்தக்கட்டு. ஊமைக்காயம் என்றும் ஒரு சொல் உண்டு. காயம் வாய் திறக்கவில்லை, அதனால் ஊமை. இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டா தமிழை ஏழை என்கிறீர்கள்?

அப்புறம், கன்றுதல். பேச்சில் 'கன்னிப்போச்சு'. நல்ல சொல், ஆனால் தனியே விட்டால் ஊர் சுற்றும். வெயிலில் முகமும் கன்றும். 'களவின்கண் கன்றிய காதல்' என்கிறார் வள்ளுவர் (குறள் 284). அங்கே அடியுமில்லை, ரத்தமுமில்லை, முற்றிப்போன திருட்டு ஆசை. ஆகவே 'அடிபட்டுக் கன்றியது' என்று காரணத்தையும் சேர்த்துக் கட்டிப் போட வேண்டும்.

உங்களுக்கு முன்னால் இந்தச் சொல்லிடம் மாட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1611-இன் ஆங்கில பைபிளில் ஏதேன் தோட்டத்துப் பாம்பின் தலைக்கு நேர்வதும் 'ப்ரூஸ்'. அதே பைபிளின் ஏசாயா நூலில், 53-ஆம் அதிகாரத்தில் துன்பப்படும் ஊழியருக்கு நேர்வதும் அதுவே, 42-ஆம் அதிகாரத்தில் நாணலுக்கு நேர்வதும் அதுவே. தமிழ் வேதாகமத்தில் தலையை 'நசுக்குவார்', ஊழியர் 'நொறுக்கப்பட்டார்', நாணல் 'நெரிந்த நாணல்'. எபிரேய மூலத்திலும் மூன்று இடத்திலும் மூன்று வெவ்வேறு வினைகள். ஆங்கிலக்காரர் ஒரே மூட்டையில் கட்டியதைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. நெரிந்த நாணலை ஒரு தரம் சொல்லிப் பாருங்கள், விரலுக்கிடையில் அது மடங்குவது தெரியும்.

மற்றதெல்லாம் சுலபம். ஆப்பிள் என்றால் அடிபட்ட பழம். மனசு என்றால் புண்பட்டது. தன்மானத்துக்கு விழுந்தால் அடி. 'கன்றிய ஈகோ' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அச்சிட மாட்டேன்.

சரி, உங்கள் கதை. நீங்கள் அனுப்பிய பக்கங்களில், ஒரு வாரம் கழித்து அவள் கண்ணாடி முன் நின்று சட்டைக்கையை மடித்துப் பார்க்கிறாள். அந்த இடம் பச்சையும் மஞ்சளுமாக இருக்கிறது. தேங்கிய ரத்தம் சிதையும்போது நிறம் இப்படித்தான் மாறும். அந்த மஞ்சள், காமாலைக்காரர் கண்ணில் தெரியும் அதே பிலிருபின் என்ற நிறமி. சிராய்ப்போ பக்குக் கட்டி உதிரும், மஞ்சளாகாது. உங்கள் மொழிபெயர்ப்பில் முதல் பக்கம் அவளை எங்கோ தடுக்கி விழ வைக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் காயம் திடீரென்று நிறம் மாறுகிறது. வாசகர் குழம்பாமல் என்ன செய்வார்? மூலத்தில் அந்த அடையாளம் நாலு, வரிசையாக, நீள்வட்டமாக என்று இருக்கிறது. அதை நீங்கள் விட்டேவிட்டீர்கள்.

'மேல்கையில் நாலு விரலும் பதிந்து கன்றியிருந்தது' என்று எழுதுங்கள். யாருடைய விரல் என்று கதாசிரியர் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.